கரடியனாற்றுத் தூசியை அளப்பவர் யார்?

சகாராப் பாலைவனத்துத் தூசி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமேசன் காடுகளில் விழுகின்றது. அதன் எடையைக்கூட விஞ்ஞானிகள் கணக்கிட்டுவிட்டனர். 2007 முதல் 2013 வரை கலிப்சோ செய்மதி திரட்டிய தரவுகளைக் கொண்டு நாசா 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் சராசரியாக 182 மில்லியன் தொன் தூசி ஆபிரிக்கக் கரையை விட்டு நீங்குகின்றது. அதில் ஏறத்தாழ 28 மில்லியன் தொன் அமேசன் வடிநிலத்தில் படிகின்றது.

கண்டம் தாண்டும் தூசிக்குக் கணக்கு உண்டு. செங்கலடி–பதுளை வீதியில் கரடியனாற்றைக் கடந்து பாடசாலைக்கு நடக்கும் பிள்ளையின் மூச்சில் சேரும் தூசிக்குக் கணக்கு எங்கே?

மட்டக்களப்பின் படுவான்கரை பாலைவனமன்று. ஆயினும் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசுகையில், கிரவல் வீதியில் ஒரு டிப்பர் சென்றால் பின்னால் வருபவருக்குப் பாதை தெரியாது. பத்திரிகைப் பணியில் இருந்த காலம் முழுவதும் ‘தூசித் தொல்லை’ பற்றிய வாசகர் கடிதங்கள் என் மேசைக்கு வந்தவண்ணமே இருந்தன. அவற்றில் எண் எதுவும் இருக்காது. எண் இல்லாத முறைப்பாட்டை அதிகாரிகள் எளிதாக ஒதுக்கிவிடுவர்.

சட்டத்தில் எண் இருக்கின்றது. 2008ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தல், 24 மணித்தியாலச் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் பி.எம்.10 துகள்கள் 100 மைக்கிரோகிராமையும், பி.எம்.2.5 துகள்கள் 50 மைக்கிரோகிராமையும் தாண்டலாகாது என வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவுகளோ முறையே 45, 15. அளக்காத இடத்தில் இவ்வரம்பு மீறப்பட்டதென எவர் நிரூபிப்பார்?

செய்மதி போதாதா எனச் சிலர் வினவலாம். செய்மதி நிலத்திலிருந்து வானம் வரையுள்ள காற்றை ஒட்டுமொத்தமாக நோக்குகின்றது. மூக்கின் உயரத்தில் என்ன இருக்கின்றது என்பதை அறிய நிலத்தில் கருவி வேண்டும். நகரத்துக் கருவியும் போதாது. பருந்துகள் எழும்பிய இடத்தின் அருகிலேயே படிந்துவிடும்.

மலிவான ஒளிச்சிதறல் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் ஈரப்பதன் மிகுந்த வாவிக்கரைக் காற்றில் அவை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே பழைய முறையே அடிப்படையாக இருத்தல் வேண்டும். வடிதாளை நிறுத்து, 24 மணித்தியாலம் அதனூடாகக் காற்றை இழுத்து, மீண்டும் நிறுக்கும் முறை அது. அந்த வடிதாளை ஆய்வுகூடத்தில் சோதித்தால் தூசியில் சிலிக்கா உண்டா என்பதும் தெரியும். கல்லுடைக்கும் தொழிலாளரின் நுரையீரலை அழிப்பது அதுவே.

2022 டிசம்பரில் வாடைக்காற்றோடு இந்தியப் பக்கமிருந்து மாசு வந்தபோது, 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. அளவீடு இருந்தமையாலேயே அம்முடிவு சாத்தியமாயிற்று. உள்ளூர்த் தூசிக்காக ஒரு பாடசாலையேனும் மூடப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2010 செப்டெம்பர் 17ஆம் திகதியைக் கரடியனாறு மறவாது. வீதி அமைப்புக்கான கல்லுடைக்கும் வெடிமருந்து பொலிஸ் நிலைய வளவில் வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஓசையை உலகம் கேட்டது. அதே கல்லின் தூசி ஓசையின்றி நெஞ்சில் இறங்குகின்றது.

வீதியும் கல்லும் வேண்டாமென எவரும் கூறவில்லை. கச்சான் காலத்தில் ஒரு மாதம், வாடைக்காலத்தில் ஒரு மாதம், வீதியோரப் பாடசாலையொன்றில் காற்றை அளந்து, பெறுபேற்றைப் பிரதேச சபையின் அறிவித்தல் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். வரம்புக்குள் இருந்தால் மக்கள் நிம்மதி கொள்வர். மீறியிருந்தால் வீதிக்கு நீர் தெளிப்பதா, டிப்பருக்குப் படங்கு கட்டுவதா என்று பேசலாம். மத்திய சுற்றாடல் அதிகார சபையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் இதைச் செய்ய முன்வருதல் வேண்டும் என்பதே என் கோரிக்கை.