கோப்பி ஏன் சாப்பிடவில்லை?

லார்கின் பசாரில் கோழி விற்கும் அண்ணனுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும். சனிக்கிழமை காலையில் போய் நின்றால், நான் வாய் திறப்பதற்குள் கோழி இதயம், கழுத்து, கொஞ்சம் ஈரல் என்று பையில் போட்டுக் கட்டிவிடுவார். முதல் தடவை மட்டும்தான் கேட்டார். "சூப்பு வைக்கவா, தம்பி?" வீட்டில் இரண்டு ஃபெரெட் இருக்கின்றன என்று சொன்னேன். கைபேசியில் படத்தைக் காட்டியதும், "இது கீரிப்பிள்ளைதானே!" என்றார்.

எங்கள் தாமானில் எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள். நீண்ட உடம்பு, குட்டைக் கால், முகமூடி போட்டது போன்ற முகம். ஆனால் கீரிக்கும் ஃபெரெட்டுக்கும் உறவில்லை. இது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. முயலையும் எலியையும் வளையிலிருந்து விரட்ட ஐரோப்பியர்கள் நெடுங்காலமாக வீட்டில் வைத்து வளர்த்த பிராணி. பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், இதை வளர்க்க அனுமதி இல்லை. அங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் மதிய உணவு நேரத்தில் என் கைபேசியைப் பிடுங்கிப் படம் பார்ப்பதற்கு அதுதான் காரணம். குளிர்நாட்டுப் பிராணி என்பதால் வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஜொகூர் பாருவில் அது எத்தனை மணிக்குத் தாண்டும் என்பது உங்களுக்கே தெரியும். என் மின்சார பில்லைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

பெரியவன் கோப்பி, நான்கு வயது. சின்னவள் மைலோ. இரண்டும் கடையில் விற்கும் உலர்தீவனத்தில் வளர்ந்தவை. போன மாதம் இந்தப் பக்கத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியதிலிருந்து, பூனை வளர்க்கிற சிலர் உட்பட, ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பச்சை இறைச்சிக்கு எப்படி மாற்றினீர்கள்? முதலில் நான் மாற்றிய லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மாற்ற நினைத்ததற்குக் காரணம் இருந்தது. ஃபெரெட் முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. அதன் குடல் மிகச் சிறியது. தின்றது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நமக்குக் குடல்வால் இருக்கும் இடத்தில் நார்ச்சத்தைப் புளிக்கவைக்க ஒரு பை இருக்கிறதே, அது ஃபெரெட்டுக்குக் கிடையாது. பட்டாணி மாவும் சோள மாவும் அதற்கு ஏறக்குறைய வெறும் சுமை. நான் வாங்கிக்கொண்டிருந்த பையைத் திருப்பிப் படித்தால், இரண்டாவது பெயரே மாவு.

ஒரு நண்பர் யோசனை சொன்னார். "பழைய தீவனத்தை எடுத்துடு. இறைச்சியை வை. பசிச்சா தானா சாப்பிடும்." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பசித்தால் புலி புல்லைத் தின்னாது, ஆனால் புலாலைத் தின்னாமலா போகும்?

ஒரு புதன்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கோழித் துண்டுகளைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு சிங்கப்பூர் பேருந்தைப் பிடித்தேன். இரவு எட்டு மணிக்கு வந்து பார்த்தால் துண்டுகள் வைத்தபடியே காய்ந்து கிடந்தன. மைலோ கூண்டைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். கோப்பி படுத்திருந்தான். தூக்கினால் தலை நிற்கவில்லை. வாயில் எச்சில் ஒழுகியது. தரையில் விட்டால் பின்னங்கால்கள் இரண்டும் இழுத்துக்கொண்டு வந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அம்மாதான் சமையலறையிலிருந்து தேன் பாட்டிலோடு ஓடி வந்தார். தொலைபேசியில் மருத்துவர் சொல்லச் சொல்ல, விரலில் தொட்டு ஈறில் தடவினோம். ஐந்து நிமிடத்தில் தலையைத் தூக்கினான். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் சர்க்கரை அளவு 3-க்கும் கீழே இருந்தது. கணையத்தில் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டி. நடுத்தர வயது ஃபெரெட்டுகளுக்கு அடிக்கடி வருகிற நோய் என்றார் மருத்துவர். அதுவரை வெளியே தெரியாமல் இருந்ததை என் பட்டினி வைத்தியம் வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. மாவுத் தீவனம்தான் இந்தக் கட்டிக்குக் காரணம் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அது நிரூபிக்கப்படாத சந்தேகம்தான். ஆனால் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் ஃபெரெட்டைப் பட்டினி போடக்கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பசித்தும் ஏன் தொடவில்லை? கோப்பி பிடிவாதம் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போது எந்த வாசனையைத் தின்று வளர்கிறதோ அதுதான் ஃபெரெட்டின் மூளையில் 'சாப்பாடு' என்று பதியும். அதற்குப் பிறகு வருவது எல்லாம் அதற்குப் பொருள்தான். நாம் பசியில் சோப்புக்கட்டியைப் பார்ப்பது போல அவன் கோழியைப் பார்த்திருக்கிறான்.

அதனால் இரண்டாவது தடவை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பழைய தீவனத்திலிருந்தே தொடங்கினேன். அதை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கினேன். அந்தக் கூழே பழக ஒரு வாரம் ஆனது. பிறகு கோழியை எலும்போடு மைய அரைத்து, கூழில் ஒரு டீஸ்பூன். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த இறைச்சிக்கு வாசனை கிடையாது. கிண்ணத்தை நக்காத நாட்களில் விரலில் எடுத்து உதட்டில் தடவினேன். இரண்டு தடவை கடி வாங்கினேன். எந்த வேளையிலும் பழைய தீவனம் பக்கத்தில் இல்லாமல் இருந்ததில்லை. மைலோ மூன்று வாரத்தில் மாறிவிட்டாள். கோப்பிக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம். நடுவில் ஒரு வாரம் வயிறு கெட்டு, மறுபடி முதல் படிக்கு இறங்கி ஏறினோம். கிலோ தராசில் வாரம் இரண்டு தடவை எடை போட்டு நாட்காட்டியில் குறித்தேன். கண்ணுக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும், தராசு அப்படிச் சமாதானம் சொல்லாது.

இறைச்சி என்றால் வெறும் சதை இல்லை. இங்கேதான் பூனைக்காரர்களும் சறுக்குகிறார்கள். கோழி நெஞ்சுச் சதையை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல், உடம்பு தன் எலும்பிலிருந்தே அதைக் கரைத்து எடுக்கும். எலும்பு வேண்டும், ஆனால் பச்சை எலும்பு. வேகவைத்தது சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஈரல் வேண்டும், அதிகமானால் வைட்டமின் ஏ நஞ்சாகும். இதயத்தை நான் ஏன் கிலோக்கணக்கில் வாங்குகிறேன் என்றால், அதில் டாரின் என்ற சத்து நிறைய உண்டு. தீவனத்தில் அது குறைந்ததால்தான் பூனைகளுக்கு இதயம் வீங்கிப் பலவீனமாகிறது என்பதை அமெரிக்காவில் கண்டுபிடித்ததே 1987-இல்தான். பச்சை மீனைத் தினசரி உணவாக வைக்க வேண்டாம். 1930-களில் மினசோட்டா நரிப் பண்ணை ஒன்றில் பச்சைக் கெண்டை மீன் தின்ற நரிகள் கால் இழுத்துச் செத்தன. மீனில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது கிருமி. உறையவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். சால்மொனெல்லா சாகாது, பறவைக் காய்ச்சல் வைரஸும் சாகாது. 2004 அக்டோபரில் தாய்லாந்தில் சொன்புரி மாநிலத்துப் புலிப் பூங்கா ஒன்றில் பச்சைக் கோழி தின்ற புலிகளுக்கு எச்5என்1 வந்தது. 441 புலிகளில் 147 இறந்தன அல்லது கொல்லப்பட்டன. அதே ஆண்டுதான் நம் கிளந்தானிலும் கோழிகளுக்கு அந்த நோய் வந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், கடையில் வாங்கிய உறைந்த பச்சைத் தீவனத்தால் ஒரு வீட்டுப் பூனை இறந்தது. ஃபெரெட் விஷயத்தில் பயம் இன்னும் ஒரு படி மேலே. நமக்கு வரும் சளிக்காய்ச்சல் அதற்கும் வரும், அதற்கு வந்தால் நமக்கும் வரும். 1933-இல் லண்டனில் மனிதக் காய்ச்சல் வைரஸைப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளை வைத்துத்தான். அவற்றில் ஒன்று ஆராய்ச்சியாளர் முகத்திலேயே தும்மி அவரைப் படுக்கையில் போட்டுவிட்டது.

எனவே பறவைக் காய்ச்சல் செய்தி காதில் விழுந்தால் எங்கள் வீட்டில் பச்சை இறைச்சி நிற்கும். எலும்பை நீக்கி வேகவைத்த கோழியும், மருத்துவர் சொன்ன அளவில் சுண்ணாம்புத் தூளும், டாரின் தூளும்தான். கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ உள்ள வீடு என்றால் பச்சை இறைச்சிப் பக்கமே போக வேண்டாம் என்பேன். நல்ல தரமான தீவனத்தில் நன்றாக வாழும் ஃபெரெட்டுகள் உண்டு.

அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. அம்மா வெள்ளிக்கிழமை சைவம். ஐஸ்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் கோழி இதயமா என்று முதல் வாரமே பிரச்சினை வெடித்தது. பழைய சாமான் கடையில் ஒரு சின்ன உறைபெட்டி வாங்கிப் பின்கட்டில் வைத்தேன். தனிக் கத்தி, தனிப் பலகை, தனிக் கிண்ணம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை காலை சாமி அறையில் நாற்றம். ஊதுபத்தி கொளுத்தியும் போகவில்லை. அலமாரியை நகர்த்தினால், பின்னால் மூன்று கோழிக் கழுத்துகள். ஃபெரெட் மிச்சத்தை ஒளித்து வைக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சாமி அறையைத் தேர்ந்தெடுக்கும் என்று எதிலும் இல்லை.

"அதுங்களா, இல்ல நானா?" என்று கேட்டார் அம்மா. நான் அரை நாள் விடுப்பு எடுத்து வீடு முழுக்கக் கழுவினேன். அன்றிலிருந்து சாப்பாடு கூண்டுக்குள் மட்டும், அரை மணி நேரம்தான், மிச்சம் உடனே குப்பைக்கு.

இறைச்சிக்கு மாறியதால் கோப்பியின் கட்டி கரையவில்லை. காலையும் மாலையும் மாத்திரை உண்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பாடும் உண்டு. பகலில் நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதால் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் கொடுப்பது அம்மாதான். வெள்ளிக்கிழமை என்றால் கையுறை போட்டுக்கொள்கிறார், கொடுத்துவிட்டுக் குளிக்கிறார். போன வாரம் வேலையிடத்தில் இருக்கும்போது ஒரு குரல்பதிவு வந்தது. "இன்னைக்குக் கிண்ணத்தையே நக்கிட்டான்டா. இதயம் தீர்ந்து போச்சு, வரும்போது வாங்கிட்டு வா."