பந்தய விமானத்துக்கு ஒரு பதிவேடு

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மனியின் ஆகாயத்திலும் பசிபிக் சமுத்திரத்தின் மீதும் போர் புரிவதற்கென்றே நிர்மாணிக்கப்பட்ட விமானங்களை, இறக்கை நுனிகளை அறுத்தும், விமானி அமரும் கண்ணாடிக் கூண்டைக் குறுக்கியும், எஞ்சினின் சக்தியை ஏறத்தாழ இரு மடங்காக உயர்த்தியும், தரையோடு தரையாகக் கம்பங்களைச் சுற்றிப் பந்தயம் விடும் வழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. 1964 முதல் நெவாடா மாநிலத்தின் ரீனோ பகுதியில் நடந்துவந்த தேசியப் பந்தயம் 2023இல் அங்கே முடிவுற்று, 2025இல் நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல் நகருக்குக் குடிபெயர்ந்தது. புதிய இடத்தில் புதிய விதிகளை வகுத்துக்கொள்ள வாய்த்திருக்கும் இத்தருணத்தில், மாற்றம் செய்யப்படும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பூரணமான பதிவேடு கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சரித்திரச் சின்னங்களை அறுத்துத் தைப்பதே அபசாரம் என்று வருந்துவோர் பலர். அவர்களுடைய மனவருத்தத்தை நான் மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. பந்தயத்துக்கு மாற்றப்படும் விமானங்களுள் ஒன்றான மஸ்டாங் போர் விமானம் எந்தக் கீர்த்தியால் இன்று போற்றப்படுகிறதோ அந்தக் கீர்த்தியே ஒரு மாற்றத்தினால் விளைந்தது. ஆதியில் அதில் பொருத்தப்பட்டிருந்த அல்லிசன் எஞ்சின் உயரே செல்லச் செல்ல வலுவிழந்தமையால், 1942இல் இங்கிலாந்தின் ஹக்னால் விமானத் தளத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் பொறியாளர்கள் அதை நீக்கிவிட்டு மெர்லின் எஞ்சினை அமைத்து, அக்டோபரில் பறக்கவிட்டு, மீண்டும் மீண்டும் பரீட்சை செய்தார்கள். குண்டு வீச்சு விமானங்களுக்குத் துணையாக பெர்லின் வரை சென்று மீண்ட மஸ்டாங் பிறந்தது இத்தகைய பரிசோதனைகளிலிருந்துதான்.

யுத்தம் முடிந்தபின் இவ்விமானங்கள் பட்ட பாட்டையும் நினைக்க வேண்டும். 15,000க்கு மேல் உற்பத்தியான மஸ்டாங்குகளில் பெரும்பாலானவை உருக்குலைந்து மறைந்தன. பால் மான்ட்ஸ் என்ற விமானி, யுத்த உபரியாக விலைக்கு வந்த ஒரு மஸ்டாங்கை வாங்கி, அதன் இறக்கைகளின் உட்புறம் முழுவதையுமே எரிபொருள் தொட்டியாக்கி, 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பெண்டிக்ஸ் விமானப் பந்தயத்தில் வென்றார். அந்த விமானத்தையே சார்லஸ் பிளேர் 1951இல் வட துருவத்தின் மீது தனியாகச் செலுத்தினார். இன்று அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லைல் ஷெல்டன் 1969இல் இந்தியானா மாநிலத்தில் சிதைந்து கிடந்த ஒரு பேர்கேட் விமானத்தைக் கண்டெடுத்து, அதற்குரிய எஞ்சினைக் காட்டிலும் பெரிதான ரைட் எஞ்சினைப் பொருத்தி, 'ரேர் பேர்' என்று பெயரிட்டார். 1989இல் அது மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. பந்தய ஆசை இல்லாதிருந்தால் அந்தச் சிதைவை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

மெர்லின் எஞ்சினைப் பந்தயத்துக்குப் பக்குவப்படுத்தும் வித்தை வியந்து போற்றத்தக்கது. யுத்த காலத்தில் 1,500 குதிரைத் திறனை ஒட்டி உழைத்த அந்த 27 லிட்டர் எஞ்சின், பந்தயத்தில் 3,000க்கும் மேல் தருகிறது. அந்த உக்கிரத்தை அதன் சொந்தக் கனெக்டிங் ராடுகள் தாங்கா என்பதால், எந்த அல்லிசன் எஞ்சினை மெர்லின் ஒருகாலத்தில் வெளியேற்றியதோ அதன் ராடுகளையே கடன் வாங்கிப் பொருத்துகிறார்கள். எரிகலவை அகாலத்தில் வெடிக்காதிருக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைப் பீய்ச்சுகிறார்கள். ரேடியேட்டரின் மேல் தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த இந்த ஞானத்தில் பெரும்பகுதி மெக்கானிக்குகளின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கிறது என்பதே என் கவலைக்குக் காரணம்.

அக்கவலை வெறும் கற்பனையன்று. 2011 செப்டம்பர் 16ஆம் தேதி ரீனோவில் 'கேலப்பிங் கோஸ்ட்' என்ற மஸ்டாங், மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்துகொண்டிருந்தபோது திடீரென மேல்நோக்கி எழும்பிப் பின் பார்வையாளர்களுக்கிடையே வீழ்ந்தது. அதன் விமானி ஜிம்மி லீவர்டும் தரையிலிருந்த 10 பேரும் மாண்டனர்; 60க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வயிற்றுப் புறத்து ரேடியேட்டர் கூடு அகற்றப்பட்டு, கொதிக்கும் நீரைக் கொண்டு எஞ்சினைக் குளிர்விக்கும் புதிய முறை அதில் அமைக்கப்பட்டிருந்தது. விபத்தின் மூலமோ அங்கே இல்லை. வால் பகுதியிலுள்ள ட்ரிம் டேப் என்னும் சிறு தகட்டின் திருகுகளைப் பற்றியிருந்த பழைய லாக் நட்டுகள் நைந்துபோய், தகடு உறுதி குன்றி, அதிவேகத்தில் படபடத்து முறிந்தது. புவியீர்ப்பைப் போல் 17 மடங்கு பாரம் அழுத்த, விமானி ஒரு நொடிக்குள் செயலிழந்தார். எழுதி வைக்கப்படாத, பரீட்சிக்கப்படாத பெரும் மாறுதல்களையும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விபத்துக்குரிய காரணங்களோடு சேர்த்தே கூறியது. வலப்பக்கத்து ட்ரிம் டேப் அசையாதவாறு பிணைக்கப்பட்டு, பாரம் முழுவதும் இடப்பக்கத்தையே சார்ந்திருந்த நிலை, வேறு பல பந்தய விமானங்களிலும் வழக்கமாக இருந்ததே. வழக்கமாக இருந்தது என்பதற்காகவே ஒன்றைச் சோதித்தறியாமல் விடலாமா?

பந்தயக் குழுவினர் தங்கள் உபாயங்களைப் போட்டியாளரிடமிருந்து மறைப்பது இயல்பு. பதிவேடு வைத்தால் ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று அவர்கள் ஆட்சேபிக்கலாம். அதற்குப் பரிகாரம் எளிது. பந்தய அமைப்பின் சோதனைக் குழுவினிடம் முத்திரையிட்டு ஒப்படைக்கப்பட்ட பிரதியை ஐந்து ஆண்டுகள் கழித்துத் திறக்கலாம். அதற்குள் ரகசியத்தின் விலை குறைந்திருக்கும். சரித்திர ஆசிரியனுக்கு அதன் மதிப்பு கூடியிருக்கும்.

மாற்றப்பட்ட விமானங்களைப் பொறியாளர் ஆராய வேண்டும், எந்த வேகத்தில் போட்டியிடப் போகின்றனவோ அந்த எல்லைக்குள் முன்கூட்டியே பறந்து காட்ட வேண்டும் என்று வாரியம் 2012இல் சிபாரிசு செய்தது. அதோடு இன்னும் ஒன்றை ராஸ்வெல் அமைப்பாளர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று கேட்கிறேன்: அறுத்தெடுத்த இறக்கை நுனி, கழற்றிய ரேடியேட்டர் கூடு, மாற்றிய கண்ணாடிக் கூண்டு ஆகிய மூலப் பாகங்களைக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பாமல், எந்தப் பாகம் எந்த நாளில் எவர் கையால் நீக்கப்பட்டது என்ற குறிப்போடு விமானத்தின் உடைமையாகவே காத்து, விமானம் கைமாறும்போது புதிய உரிமையாளரிடம் அவற்றையும் ஒப்புவிக்கச் செய்ய வேண்டும்.