பழைய கார் குற்றவாளி அல்ல

நெளுக்குளத்தில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் கண்ட இரவில், எங்கள் மொறிஸ் மைனர் ஸ்ராட் ஆக மறுத்தது. அயல்வீட்டுத் தம்பியின் ஓட்டோவிலேயே வவுனியா ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். அதற்கு முன்னரே கராஜ் ஒன்றில் பற்றரி, கொயில், பிளக் அனைத்தையும் மாற்றியிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே தீர்ப்பு: "பழைய கார், வித்துப்போடுங்கோ ஐயா."

இதனை நான் ஏற்கமாட்டேன். 1990களின் பொருளாதாரத் தடையில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியவை இத்தகைய கார்களே. அன்று உதிரிப்பாகம் இல்லை, மெக்கானிக் யோசித்தார். இன்று பாகம் உண்டு, யோசனை இல்லை. விற்றுவிட்டு எதை வாங்குவது? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டது. வரியோ நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது.

உண்மைக் குற்றவாளி, எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் ஏர்த் பட்டி என்பதை முதிய மெக்கானிக் ஒருவர் கண்டுபிடித்தார். எஞ்சின் றப்பர் தாங்கிகளில் அமர்ந்திருப்பது. பட்டி களிம்பேறினால் மின்னோட்டம் திரும்பச் சரியான வழியில்லை. மீற்றர் வைத்தால் ஐந்து நிமிட வேலை.

சோதிக்காமல் மாற்றுவது திருத்தமல்ல, சூதாட்டம். அன்பர்களே, பாகத்துக்குப் பணம் எண்ணுமுன் மீற்றரைக் கேளுங்கள்.