மீண்டும் மாணவரானவர்



நம் பிள்ளைகள் பலர் கித்தார் கற்க விழைகின்றனர். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் வளர்ந்த பிளமெங்கோ இசையில் அக்கருவி தலைசிறந்து விளங்குகிறது. அதில் உள்ளம் பறிகொடுத்த அயல்நாட்டார் சிலர் அங்கேயே சென்று தங்கி, அம்மக்களின் பாட்டோடும் ஆட்டத்தோடும் பழகிக் கற்றனர். இத்தகைய ஈடுபாட்டிற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. திருச்சியை அடுத்த திருவரங்கத்திலேயே ஒருவர் வாழ்ந்தார்.

நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா 1924ஆம் ஆண்டு ஆந்திரத்திலுள்ள கரவாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் குடும்பம் இசுலாமியக் குடும்பம். எனினும் கோயிலில் நாதசுரம் வாசிப்பது அவர்தம் முன்னோர் வழிவந்த தொண்டு. இளமையிலேயே தேர்ந்த கலைஞரான அவரைத் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு ஆட்கொண்டது. இராகத்தை ஆற அமர விரித்துரைக்கும் தஞ்சை மரபை அறிய விரும்பி, நாச்சியார்கோவில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மீண்டும் மாணவரானார். பின்னர் திருவரங்கத்தையே தம் ஊராக்கிக் கொண்டார்.

நாதசுரம் எளிதில் வசப்படும் கருவியன்று. ஆச்சா மரத்தில் கடைந்த குழலில் விரலுக்குரிய துளைகள் ஏழே. இடைப்பட்ட நுண்சுரங்களையெல்லாம் மூச்சின் அளவாலும் இதழின் அழுத்தத்தாலுமே பிறப்பிக்க வேண்டும். வாயில் வைத்து ஊதும் சீவாளியோ நாணல் தட்டையால் ஆனது. ஒரு பாணியில் பழகிய மூச்சையும் இதழையும் வேறொரு பாணிக்குத் திருப்புவது எத்துணை அரிய உழைப்பு!

தம் சமயத்தில் நிலைத்து நின்றே அவர் அரங்கநாதர் கோயிலில் பக்தியோடு வாசித்தார். 1982இல் திருவரங்கத்தில் இசைப்பள்ளி ஒன்றை நிறுவித் தாம் பெற்றதைப் பிறர்க்கும் வழங்கினார். 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவரை வந்தடைந்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

பெற்றோரே, மூன்று மாதம் கற்று, கிறிஸ்து பிறப்பு விழாவில் இரு பாடல்கள் வாசித்ததும் கருவியைப் பரணில் ஏற்றிவிடும் பிள்ளைக்கு இவர் வாழ்வைச் சொல்லுங்கள். கைதட்டல் பெற்ற பின்னரும் ஆசிரியர்முன் அமரும் பணிவே கலையை வளர்க்கிறது.

நமக்கும் ஒரு கடமை உண்டு. திருமண வீடுகளில் நாதசுரம் ஒலிக்கையில் நாம் பெரும்பாலும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறையேனும் ஒரு கீர்த்தனை முடியும்வரை அமைதியாய்ச் செவிமடுப்போம். வாசித்தவரை அணுகி ஒரு நல்ல சொல் கூறுவோம். அந்த மூச்சின் பின்னே ஓர் ஆயுளின் உழைப்பு இருக்கிறது.