2033 வரை காத்திருக்க முடியுமா?

பெங்களூரின் ஓசூர் சாலையில் இருக்கும் பொம்மனஹள்ளிக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. போனால் தமிழ்நாட்டின் ஓசூர் வந்துவிடும். வடக்கே நகரத்தைக் குறுக்காகக் கடந்து 45 கி.மீ. போனால்தான் தேவனஹள்ளி விமான நிலையம். சென்னைக்கு விமானம் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணிதான். அந்த விமானத்தைப் பிடிக்க சில்க் போர்டு, ஹெப்பால் என்று நெரிசலுக்குப் பேர்போன சந்திப்புகளைத் தாண்டும் பொம்மனஹள்ளிவாசிக்கு, பல நாட்களில் அதைவிட அதிக நேரம் சாலையிலேயே கழிகிறது.

முன்பு இந்தத் தொல்லை இல்லை. 2008 மே மாதம் வரை பயணிகள் விமானங்கள் எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து கிளம்பின. பொம்மனஹள்ளியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. தூரம். தேவனஹள்ளி திறந்ததும் அந்தக் கதவு சாத்தப்பட்டது. மூடக்கூடாது என்று நகரவாசிகளும் தொழிலதிபர்களும் எழுப்பிய குரல் எடுபடவில்லை. புதிய நிலையத்தை அமைத்த பி.ஐ.ஏ.எல். நிறுவனத்துடன் மத்திய அரசு 2004 ஜூலையில் போட்ட ஒப்பந்தம் குறுக்கே நின்றது. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு. மைசூர், ஹாசன் நீங்கலாக, 150 கி.மீ. வான் தொலைவுக்குள் வேறெந்த நிலையத்தையும் சர்வதேச விமான நிலையமாக வளர விடக்கூடாது. தேவனஹள்ளி திறந்ததிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 மே வரை, இந்தத் தடை.

அன்றைக்கு இதில் நியாயம் இருந்தது. ஊருக்கு வெளியே பொட்டல் வெளியில் பெரும் பணத்தைக் கொட்டும் முதலீட்டாளர், பக்கத்திலேயே போட்டிக் கடை முளைக்காது என்ற உத்தரவாதம் கேட்பது இயல்பே. ஆனால் 2024-25ல் மட்டும் தேவனஹள்ளியைப் பயன்படுத்திய பயணிகள் 4 கோடிக்கும் அதிகம். வளர்ந்து ஆளாகிவிட்ட பிள்ளைக்கு இன்னும் நடைவண்டி எதற்கு?

ஓசூர் இந்த வட்டத்துக்குள் அகப்பட்ட ஊர். பேலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் இரண்டு கி.மீ. நீள ஓடுபாதை இருந்தும், 'உடான்' திட்டத்தில் அங்கிருந்து பயணிகள் விமானம் விடும் முயற்சி ஷரத்தில் இடித்து நின்றது. 2024 ஜூன் 27 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் சர்வதேச நிலையம் வரும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். கர்நாடகமும் சும்மா இருக்கவில்லை. கனகபுரா சாலையில் இரண்டு, நெலமங்கலா பக்கம் ஒன்று என மூன்று இடங்களை முன்வைத்தது. 2025 ஏப்ரலில் விமான நிலைய ஆணையக் குழு வந்து அவற்றைப் பார்த்தது. போதாக்குறைக்கு, எச்.ஏ.எல்.லின் சோதனை விமானங்கள் பறக்கும் வானம் ஓசூருக்கு வெகு அருகில். பாதுகாப்பு அமைச்சகம் சம்மதிக்காமல் அங்கே எதுவும் நகராது.

2033க்கு இன்னும் காலம் இருக்கிறது என்பவர்கள் தேவனஹள்ளியின் கதையைப் புரட்டிப் பார்க்கலாம். இடம் தேர்வானது 1991ல். கட்டுமானம் தொடங்கியது 2005ல். முதல் விமானம் 2008ல். மொத்தம் 17 ஆண்டுகள். தடை நீங்கிய பிறகு கோப்பைத் திறந்தால், பொம்மனஹள்ளிவாசியின் பேரப்பிள்ளைகள்தான் விமானம் ஏறுவார்கள்.

தடையை மீறாமலே வழி காண முடியும் என்பதற்குத் தில்லி உதாரணம். அங்கும் 150 கி.மீ. வட்டம் உண்டு. ஆனால் அது போட்டியை அடியோடு தடுக்கவில்லை. புதிய நிலையத்துக்கான ஏலத்தில் பழைய நிறுவனத்துக்கு முன்னுரிமை தந்தது, அவ்வளவே. ஜேவர் நிலையத்துக்கான ஏலத்தை 2019ல் சூரிச் விமான நிலைய நிறுவனம் வென்றது. அதே சூரிச், ஒரு காலத்தில் பெங்களூர் நிலையத்தில் பங்குதாரராக இருந்தது என்பது வேடிக்கை.

ஆனால் அவசரத்தில் மறக்கக்கூடாத ஒரு தரப்பு உண்டு. விமான நிலையம் வானத்தில் கட்டப்படுவதில்லை. ஓசூரைச் சுற்றியுள்ள வயல்களில் விளையும் ரோஜாவும் காய்கறியும்தான் பெங்களூர்ச் சந்தைக்குப் போகின்றன. பரந்தூரில் 2022 முதல் நடந்த போராட்டத்தைத் தமிழகம் பார்த்தது. தேவனஹள்ளி அருகே விண்வெளிப் பூங்காவுக்காகக் குறிவைத்த 1,777 ஏக்கரை, மூன்றாண்டுகளுக்கும் மேலான விவசாயிகள் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜூலையில் கர்நாடக அரசே கைவிட்டது. நிலத்துக்காரரை வரைபடத்தில் வட்டம் போட்ட பிறகு சந்திப்பதைவிட, முன்பே சந்திப்பது மலிவு.

2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோ, பொம்மனஹள்ளியைத் தொட்டுக்கொண்டு பொம்மசந்திராவில் நின்றுவிடுகிறது. மாநில எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். எல்லைக்கு எந்தப் பக்கம் கட்டினாலும் பயன்படுத்தப் போவது ஒரே கூட்டம். தமிழகமும் கர்நாடகமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இடம், நிலம், ரயில் மூன்றையும் பேசி முடிக்க ஒப்பந்தம் எந்தத் தடையும் போடவில்லை. அதற்கு 2033 வரை காத்திருக்க வேண்டியதில்லை.