வாகனம் வாங்கும்போது நாம் கேட்காத கேள்வி



2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் இப்போது இறங்கும் வாகனம் நம்மில் பலருக்கு எட்டாத விலை. அதனால் ஊருக்குள் கைமாறுவது பெரும்பாலும் ஏற்கனவே ஓடிய வாகனங்கள்தான்.

வாங்கப் போனால் நாம் கேட்பது இரண்டு. லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? திருப்பி வித்தால் விலை போகுமா? அடிபட்டால் உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

2014 இல் குளோபல் என்கெப் நிறுவனம் எயார் பேக் இல்லாத இந்திய மாருதி அல்டோ 800 ஐ மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. நம் வீதிகளிலும் அல்டோ 800 நிறையவே ஓடுகிறது. விலையைப் பேச முன்னர் எயார் பேக் உண்டா என்று பாருங்கள்.

"ஜப்பான் வாகனம், பயமில்லை" என்பதும் போதாது. ஜப்பான் ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தரம் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்றிருந்தால் அது அடிபட்டுத் திருத்திய வாகனம். சேசிஸ் நம்பரைக் கொடுத்து இணையத்திலும் சரிபார்க்கலாம். மீற்றர் குறைத்திருந்தால் அதுவும் அங்கே பிடிபடலாம்.

ஆனால் இங்கே வந்த பிறகு பட்ட அடியை அந்தத் தாள் சொல்லாது. அதற்கு, விற்பவர் காட்டும் கராஜுக்கு அல்ல, நமக்குத் தெரிந்த பாஸிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்க வேண்டும். ஹைபிரிட் என்றால் பேட்டரியையும் ஸ்கேன் பண்ண வேண்டும். சாவியைத் திருப்பியதும் எயார் பேக் லைட் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், வெடித்த எயார் பேக்கைப் போடாமல் லைட்டை மட்டும் கழற்றியிருக்கலாம். இலட்சக்கணக்கில் லீசிங் போடும் நாம், இதற்கு ஒரு நாள் ஒதுக்க யோசிக்கிறோம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாகனத்தில் மறைக்கும் குறை பணத்தோடு நிற்காது, ஒரு குடும்பத்தின் உயிரையும் எடுக்கலாம்.

எவ்வளவு நல்ல வாகனம் வாங்கினாலும், முன் சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துப் போனால் பயனில்லை. பெரியவரைக் காப்பாற்றும் எயார் பேக்கே அந்தப் பிள்ளையைக் கொன்றுவிடும். பிள்ளைகளைப் பின் சீட்டில் இருத்துவோம், பெல்ட் போடுவோம்.

அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.