ராட்டைக்குக் கூலி எங்கே?

கைத்தறிச் சேலையை நெய்தவர் யார்? தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் என்போம். அது பாதிக் கணக்குத்தான்.

தறிக்கு ஏறுமுன் நூலுக்கு எத்தனை வேலை! நூல் சிட்டம் சிட்டமாக வருகிறது. ஒரு சிட்டம் 840 கஜம். நாற்பதாம் நம்பர் நூலில் ராத்தலுக்கு 40 சிட்டம். ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை. அதற்குள் 33,600 கஜம் நூல்! ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அத்தனையும் ராட்டையில் சுற்ற வேண்டும். அறுந்தால் முடிய வேண்டும். பாவு தோய்க்கும் நாளில் விடியுமுன் தெருவுக்கு வந்துவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்வது யார்? மனைவி, மாமியார், மகள். உலை கொதிக்கும்போதே தார் சுற்றுகிறாள். தார் தீர்ந்தால் தறி நின்றுவிடுமே!

2019-20ல் எடுத்த கைத்தறிக் கணக்கின்படி, நம் நாட்டில் இத்தொழிலில் இருப்பவர் 35 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆனால் கூலி, சேலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. பல வீடுகளில் அது நெய்தவர் கைக்கே போகிறது. சுற்றியவள் கைக்கு? "வீட்டு வேலைதானே" என்கிறார்கள். வெளியாளை வைத்துச் சுற்றினால் காசு கொடுக்காமல் விடுவார்களா?

கூட்டுறவுச் சங்கங்களும் மாஸ்டர் வீவர்களும் தார் சுற்றும் கூலியைத் தனியாக எழுத வேண்டும். அதை அந்தப் பெண்ணின் பெயரிலேயே கொடுக்க வேண்டும். சேலை விலை ஏறாதா? கொஞ்சம் ஏறும். ஏறட்டும். மில் துணிக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கைத்தறிக் கடையில் மட்டும் பேரம் பேசுகிறோமே!